மலைப்பெட்டி 86

ஹட்டன் பஸ் பிரியந்தியை அக்கரப்பத்தனைக் கடைத்தெருவில் இறக்கிவிட்டபோது பிற்பகல் மூன்று மணி. கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் அது தெரிந்தது. மூடுபனி அப்படி இறங்கியிருந்தது. எதிர்க்கடையில் தொங்கிய வாழைக்குலை மட்டும் அந்தரத்தில் நின்றது, கடையைக் காணவில்லை.

அங்கிருந்து தோட்டத்து லயத்துக்கு முக்கால் மணி நேர நடை. தோளில் பை, பைக்குள் துண்டில் சுற்றிய ஒரு பலகைப் பெட்டி. வழியில் ஒருவரும் எதிர்ப்படவில்லை.

லயத்தில் வரிசையாக ஆறு காம்பிராக்கள், குடும்பத்துக்கு ஓர் அறை. மேலே புதிய வீடுகள் கட்டிக் கொடுத்ததும் பாதிப் பேர் ஏறிப் போய்விட்டார்கள். மூன்றாவது காம்பிராவில் அவளுடைய அப்பா செல்லசாமி. அம்மா இறந்தபின் தனியாக இருக்கிறார். கடைசிக் காம்பிராவில் வேலாயி, இரண்டு வருடத்துக்கு முன் கொத்மலைப் பக்கத்திலிருந்து கலியாணமாகி வந்தவள். மற்றவை பூட்டிக் கிடந்தன. அப்பாவுக்கும் மேலே வீடு கிடைத்தது. போகவில்லை. கேட்டால், "மேல காத்து அடிக்குது" என்பார். இங்கேயும்தான் அடித்தது.

"டீச்சர் வந்தாச்சு," என்றாள் வேலாயி, தண்ணீர்ப் பீலிக் கரையில் குடத்தை வைத்தபடி. "ஒங்கப்பா காலையிலேருந்து ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. என்னமோ மாப்பிள்ளை வர்ற மாதிரி."

"அக்காவுக்கு வேற பேச்சே இல்ல," என்று பிரியந்தி தலையைக் குனிந்துகொண்டாள். இருபத்தாறு வயதிலும் அவளுக்குக் கேலிக்குப் பதில் சொல்லத் தெரியாது. ஹட்டனில் ஒரு டியூஷன் வகுப்பில் பௌதிகம் கற்பிக்கிறாள். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசினால் மட்டும் வார்த்தை வரும்.

அப்பா பையை வாங்கிக்கொண்டார். "என்னா புள்ள, கருங்கல்லா கொண்டாந்த?"

"கேம் பெட்டிப்பா."

"படிச்சு முடிச்சப் பெறகா வெளையாட்டு?"

விளையாட்டுத்தான். ஆனால் அவள் அதில் ஆறு மாதமாக மூழ்கிக் கிடந்தாள். இணையத்தில் ஒரு குழு நடத்தும் போட்டி அது. உலகில் ஒருபோதும் இல்லாத ஒரு வீடியோ கேம் பெட்டியைக் கற்பனை செய்ய வேண்டும். எந்த ஆண்டில், எந்த ஊரில், யார் கையால் அது உருவானது, முதல் நாள் அதோடு வெளிவந்த விளையாட்டுகள் எவை என்று சரித்திரம்போல எழுத வேண்டும். விதி ஒன்றே ஒன்று. நடந்த வரலாற்றில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றலாம். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக விளைய வேண்டும்.

ஒருவர் மூழ்கிய கப்பல் ஒன்றைக் கரைசேர்த்தார். இன்னொருவர் ஒரு தேர்வை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார். பிரியந்தி தன் சித்தப்பாவைப் பிழைக்க வைத்தாள்.

சின்னராசா சித்தப்பாவை அவள் பார்த்ததில்லை. அவள் பிறப்பதற்குப் பதின்மூன்று வருடத்துக்கு முன்பே அவர் போய்விட்டார். வயது பத்தொன்பது. ஏழாம் நம்பர் மலையில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்தபோது மண் சரிந்தது. உடல் கிடைக்கவில்லை. அவர் ரேடியோ திருத்துவாராம். லயத்துக்குக் கரண்ட் வராத காலத்தில், செம்புக்கோலை அடுப்புக் கங்கில் காய்ச்சி ஈயம் ஒட்டுவாராம். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அப்பா அதற்குமேல் சொன்னதே இல்லை.

ஆகவே அவள் எழுதினாள்: 1986 ஜூன் 11. அன்று சின்னராசாவுக்குக் காய்ச்சல். அவன் மலைக்குப் போகவில்லை.

அந்த ஒரு வரியிலிருந்து எல்லாம் விளைந்தது. டிசம்பருக்குள் சின்னராசா பழைய ரேடியோக்களைப் பிரித்து மலைப்பெட்டி 86ஐச் செய்தார். உடம்பு தேயிலைப் பெட்டிப் பலகை. உயிர் லொறி பேட்டரி. முதல் நாள் மூன்று விளையாட்டுகள். 'கொழுந்து': அட்டை கடிக்குமுன் கூடையை நிரப்ப வேண்டும். 'சுரங்கம்': விளக்கில்லாத ரயிலைச் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ஓட்டிக் கடக்க வேண்டும். மூன்றாவது 'பெரட்டு'. விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பெயர் வாசித்து, வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டுதான். திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். பெயர் மறையுமுன் பொத்தானை அழுத்த வேண்டும். தவறினால் அன்றைக்குப் பேர் இல்லை, கூலியும் இல்லை.

கொட்டகலையில் ஃபோன் கடை வைத்திருக்கும் நிரஞ்சன், அவளோடு படித்தவன், 'பெரட்டு'வை மட்டும் நிஜமாகவே ஓடும்படி எழுதி, ஒரு பலகைப் பெட்டிக்குள் பொருத்திக் கொடுத்தான். பெயர்களை அவள்தான் இட்டுக்கட்டினாள். ஒன்பது பெயர்கள். நேற்று மாலை எல்லாவற்றையும் குழுவில் ஏற்றிவிட்டாள். மிச்சம் இருந்தது படங்கள்தான்.

"சித்தப்பா காம்பிராவைத் தொறக்கணும்பா. அவரு சாமானைப் போட்டோ எடுக்கணும்."

அப்பா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஆறிய பிறகும் ஆற்றினார்.

"அங்க என்னா இருக்கு. எலிதான் இருக்கும்," என்றார். ஆனாலும் சாவியை எடுத்துக் கொடுத்தார். அவர் மட்டும் கூட வரவில்லை.

நான்காவது காம்பிராவின் கதவு ஈரத்தில் ஊதியிருந்தது. தோளால் தள்ளித்தான் திறந்தாள். உள்ளே மண்ணும் பழைய தகரமும் சேர்ந்த வாசனை. பலகைத் தட்டில் ரேடியோ வால்வுகள், கம்பிச் சுருள்கள், திருகாணி போட்ட டப்பாக்கள். எல்லாவற்றின்மேலும் விரல் கனத்துக்குத் தூசி. ஃபோன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தாள்.

மூலையில் அடுப்பு. அடுப்பின்மேல் செம்புக்கோல்.

அதில் மட்டும் தூசி இல்லை.

கூரை ஒழுகியிருக்கலாம், தண்ணீர் கழுவியிருக்கலாம் என்று நினைத்தாள். கையில் எடுத்தாள். உடனே போட்டுவிட்டாள்.

சுட்டது.

சாம்பலைக் குச்சியால் கிளறினாள். உள்ளே சிவப்பாக ஒரு கங்கு, கண்ணைத் திறந்ததுபோல.

வேலாயி இங்கே வந்து தண்ணீர் காய்ச்சியிருப்பாளோ? சாவி அப்பாவிடம்தான் இருந்தது. ஊதிய கதவைத் தானே இப்போதுதான் உடைக்காத குறையாகத் திறந்திருந்தாள். அறிவு ஒவ்வொரு காரணமாக எடுத்துப் பார்த்து வைத்துவிட்டது. பிரியந்தி கதவைச் சாத்திப் பூட்டினாள். பூட்டும்போது, உள்ளே யாரோ இருமினார்கள்.

காய்ச்சல்காரனின் இருமல். வறண்ட, நெஞ்சுக்குள்ளிருந்து வரும் இருமல்.

அவள் அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் போலிருந்தது. பெட்டியை அப்பாவின் பழைய டிவியில் மாட்டினாள். ஒழுங்காக ஓடுகிற ஒன்றைப் பார்த்தால் மனம் நிதானப்படும்.

திரை கறுத்துப் பச்சை எழுத்துகள் தோன்றின. ஆண்டியப்பன் என்று வந்தது. அழுத்தினாள். பீப். இராயப்பன். பீப். அழகன். பீப். அப்பா பின்னால் முக்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாவது பெயர் மீனம்மா. பீப்.

விளையாட்டு அத்தோடு முடிய வேண்டும்.

முடியவில்லை.

செல்லசாமி.

பிரியந்தி அழுத்தவில்லை. பெயர் மறையவும் இல்லை. திரையில் நின்று மினுக்கியது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

பின்னால் முக்காலி நகர்ந்தது. அப்பா எழுந்து நின்றிருந்தார். முதுகு நிமிர்ந்து, கைகள் பக்கவாட்டில், கண் திரையில்.

"இருக்கேங்க," என்றார்.

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு, "என்னா புள்ள, கரண்ட் போயிருச்சா?" என்று கேட்டார்.

லயத்தில் சிக்னல் கிடையாது. அதற்குப் பழைய பெரட்டுக்களத்துக்கு ஏற வேண்டும். இப்போது பெரட்டு வேறு இடத்தில் நடக்கிறது. களத்தில் புல் முளைத்து, கணக்கப்பிள்ளை நின்று பெயர் வாசித்த கல்மேடை மட்டும் மிஞ்சியிருந்தது. பிரியந்தி மூச்சிரைக்க ஏறி நிரஞ்சனை அழைத்தாள்.

"பத்தாவது பேரை யாரு போட்டது?"

"ஒம்போதுதானே குடுத்த, ஒம்போதுதான் போட்டேன். சயன்ஸ் படிச்ச புள்ளைக்கு எண்ணத் தெரியாதா?"

"செல்லசாமின்னு வருது, நிரஞ்சன்."

"அது யாரு?"

"எங்கப்பா."

மறுமுனையில் சிரிப்பு நின்றது. "ஒங்கப்பா பேரே எனக்குத் தெரியாது. நீ அப்பா அப்பான்னுதானே சொல்லுவ."

அவள் கல்மேடையில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"பிரியந்தி, பக்கத்துல யாரு?"

"யாரும் இல்ல."

"இருமுறாங்களே."

அவள் திரும்பிப் பார்க்காமல் லயத்துக்கு ஓடினாள்.

அன்று இரவு அவள் தூங்கவில்லை என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் கண் விழித்தபோது சன்னல் சாம்பல் நிறமாக இருந்தது. ஆறு மணியாக இன்னும் இருபது நிமிடம் இருந்தது. எங்கோ தப்புப் பறை ஒலித்துக்கொண்டிருந்தது. ஆட்களை எழுப்பித் தப்படிக்கும் வழக்கம் அவள் பிறக்குமுன்பே நின்றுபோனது. இப்போது சங்குதான் ஊதுவார்கள்.

அப்பாவின் பாய் வெறுமையாக இருந்தது.

வாசல் கதவு திறந்திருந்தது. மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியைக் காணவில்லை.

செருப்பில்லாமல் ஓடினாள். பனி முகத்தில் ஈரத்துணிபோல ஒட்டியது. தேயிலைச் செடிகள் இரண்டடி தூரத்தில் முளைத்து இரண்டடி தூரத்தில் மறைந்தன. தப்பின் சத்தம் நின்றது. பெரட்டுக்களத்தின் விளிம்பை அடைந்தபோது, அப்பா களத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் சாக்கு, தோளில் மண்வெட்டி. வரிசையில் நிற்பவர்போல, இரண்டு பக்கமும் அளவான இடம் விட்டு.

"அப்பா! வீட்டுக்கு வாங்கப்பா."

அவர் திரும்பினார். அந்தப் பார்வையில் கோபமோ மயக்கமோ இல்லை. மரியாதை இருந்தது. முன்பின் தெரியாத பெண்ணிடம் காட்டும் மரியாதை.

"யாரு புள்ள நீங்க? எந்த லயம்?"

கல்மேடைப் பக்கம், பனிக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது. அவசரமில்லாத, சலித்துப்போன ஆண்குரல்.

"ஆண்டியப்பன்."

"இருக்கேங்க," என்றது அப்பாவுக்கு இடப்பக்கத்துக் காலியிடம்.

"இராயப்பன்."

"இருக்கேங்க."

"அழகன்."

"இருக்கேங்க ஐயா."

அவள் இட்டுக்கட்டிய பெயர்கள். பிறக்கவே பிறக்காத ஆட்கள். ஒவ்வொருவரும் பதில் சொன்னார்கள். ஒவ்வொரு பதிலோடும் வெற்றிலை வாசனை, ஈரச் சாக்கு வாசனை, மனித உடம்பின் சூடு.

பிரியந்தி எண்ணினாள். அவளுக்கு எண்ணத்தான் முடிந்தது. ஆறு. ஏழு. எட்டு.

"மீனம்மா."

"இருக்கேனுங்க."

அவள் பாய்ந்து அப்பாவின் வாயைக் கையால் பொத்தினாள்.

"செல்லசாமி."

அப்பாவின் உதடுகள் அவள் உள்ளங்கைக்குள் அசைந்தன. அவள் அழுத்திப் பிடித்தாள். தன் நெற்றியை அவர் நெற்றியோடு முட்டினாள்.

"நான் பிரியந்திப்பா. ஒங்க மகப்பா. பதில் சொல்லாதீங்க."

"செல்லசாமி," குரல் மறுபடி கூப்பிட்டது. சற்றுக் கிட்டத்தில்.

அப்பாவின் கண்ணில் ஏதோ உடைந்தது. அவள் கையை விலக்கி, வாயைத் தன் கையாலேயே மூடிக்கொண்டு, விரல் இடுக்கில் கிசுகிசுத்தார்.

"நான்தான் போயிருக்கணும், பிரியந்தி."

"எங்க?"

"அன்னைக்கு. ஏழாம் நம்பருக்கு. சின்னராசாவுக்குத் தோட்டத்துல பேரே பதியல. நெதம் போறவன் நானு. எனக்குக் காய்ச்சல்னு சொல்லி, எம்பேர்ல ஒரு நாள் போயிட்டு வாடான்னு அனுப்பிவிட்டேன்." அவர் தேம்பினார். "காய்ச்சல் இல்ல. ஒங்கம்மாவப் பாக்கக் கொட்டகலைக்குப் போனேன். அன்னைக்குத்தான் மொதத் தடவ பேசினோம். அவன் செல்லசாமின்னு பதில் சொல்லிட்டு மலைக்கு ஏறுனான். மண்ணு சரிஞ்சப் பெறகு கணக்கப்பிள்ளை பயந்து செக்ரோல் புத்தகத்துல எம்பேர வெட்டி அவம்பேர எழுதிக்கிட்டாரு. இது வேற யாருக்கும் தெரியாது."

ஒருவர் பேரில் இன்னொருவர் வேலைக்குப் போவது தோட்டத்தில் எல்லாரும் செய்வதுதான். பிரியந்தி அதை எத்தனையோ தடவை கேள்விப்பட்டிருக்கிறாள். ஒரு நாளும் யோசித்ததில்லை.

இப்போது யோசித்தாள். யோசிக்க ஒரு நொடிதான் பிடித்தது.

ஒரே ஒரு விஷயத்தை மாற்றலாம். மற்றதெல்லாம் அதிலிருந்து விளையும். சின்னராசாவை அவள் வீட்டில் படுக்க வைத்தாள். அப்படியானால் செல்லசாமியின் பெயருக்குச் செல்லசாமிதான் போக வேண்டும். போனால் திரும்ப மாட்டார். கொட்டகலையில் யாரோடும் பேச மாட்டார். அவள் பிறக்க மாட்டாள்.

"செல்லசாமி." மூன்றாவது தடவை. குரல் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

ஃபோனை எடுத்தாள். ஒரு கோடு சிக்னல். குழுவில் தன் பதிவைத் திறந்தாள். பக்கம் சுற்றிச் சுற்றித் திறந்தது. அந்த வரியில் விரலை வைத்து அழித்தாள். அன்று சின்னராசாவுக்குக் காய்ச்சல் என்பது எழுத்தெழுத்தாகப் பின்வாங்கி மறைந்தது.

அந்த இடத்தில் எழுதினாள்: அன்று சின்னராசா மலைக்குப் போனான்.

அனுப்பவில்லை. விரல் நின்றது.

காதுக்குப் பக்கத்தில் யாரோ இருமினார்கள். சூடான மூச்சு கழுத்தில் பட்டது. ஈயம் உருகும் வாசனை வந்தது.

"வேணாம்," என்றது ஓர் இளம் குரல். கெஞ்சவில்லை, அதட்டவில்லை. களைத்த குரல். "இப்பத்தான் படுத்தேன்."

அப்பாவின் வாய்மேல் இருந்த கை தளர்ந்து இறங்கியது. அவர் மூச்சை இழுத்தார், பதில் சொல்வதற்காக.

பிரியந்தி அனுப்பினாள்.

ஓசை எதுவும் எழவில்லை. யாரோ ஒருவர் வெறுங்காலோடு ஈரப் புல்லில் நடந்து அவளைக் கடந்தார். மெதுவாக, ஒரு தடவை நின்று, மறுபடி நடந்து. காலடிகள் ஏழாம் நம்பர் மலைப் பாதையில் ஏறின. பிறகு அதுவும் கேட்கவில்லை.

பனி விலகியபோது களத்தில் அவர்கள் இருவர் மட்டும். அப்பா புல்லில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல அழுதார். "என்னா புள்ள எழுதுன? என்னா எழுதுன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் கையால் ஒருவரை மறுபடி மண்ணுக்குள் அனுப்பியிருந்தாள். அதை எப்படிச் சொல்வது?

பத்து மணி பஸ்ஸில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஏறினாள். மாற்றுத் துணி இரண்டு, மருந்துப் பை. பெட்டியை எடுக்கவில்லை. இனி ஹட்டனில் அவளோடுதான். இருவர் இருக்கையில் அவள் சன்னலோரம், அப்பா நடைபாதைப் பக்கம். பஸ் புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் அவர் அயர்ந்து தூங்கிப்போனார். அவருடைய கை அவள் கைக்குள் சூடாக இருந்தது. உயிருள்ள கை. பிரியந்தி முதல் தடவையாக மூச்சை முழுதாக விட்டாள்.

ஃபோன் அடித்தது. வேலாயி. பின்னணியில் கொழுந்து பறிக்கும் பெண்களின் பேச்சு.

"தங்கச்சி, சொல்லாமக் கொள்ளாம அப்பாவக் கூட்டிக்கிட்டுப் போயிட்டியே. இங்க ஒரு பையன் வந்தான், மலைக்கு. ஒங்க சொந்தமா?"

"எந்தப் பையன்?"

"பத்தொம்பது இருவது இருக்கும். மேலெல்லாம் சேறு. ஏழாம் நம்பர் பக்கமிருந்து எறங்கி வந்தான். செல்லசாமி அண்ணன் எங்கன்னு கேட்டான். மகளோட பஸ் ஏறிட்டாருன்னேன்."

பிரியந்தி அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"வேற என்ன சொன்னான்?"

"எனக்கு ஒண்ணும் வெளங்கல. அவரு பேர்ல நான் இன்னும் எத்தனை நாளைக்குப் போறதுன்னு கேட்டான். பாவம், மூஞ்சியே சரியில்ல. பெறகு எந்த பஸ்னு கேட்டான்."

"சொன்னீங்களாக்கா?"

"சொன்னேனே. ஹட்டன் பஸ்னு."

பஸ் வேகம் குறைந்தது. ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் பள்ளம். நிறுத்தம் இல்லாத வளைவு. டிரைவர் ஏன் நிறுத்துகிறார் என்று யாரும் கேட்கவில்லை. கண்டக்டர் கதவுப் பக்கம் குனிந்து, "நகின்ன, நகின்ன" என்று சிங்களத்தில் கூப்பிட்டு ஏற்றினார். ஏறுபவருக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

படியில் யாரும் தெரியவில்லை.

பஸ் மறுபடி நகர்ந்தது. அப்பா கண்ணைத் திறக்காமலே அவள் பக்கமாக ஒண்டி, இருக்கையில் இன்னொருவருக்கு இடம் விட்டார்.